சுவையூட்டிய புரதப் பொடி: எந்தச் சுவையை வாங்குவது?

ஜனவரி 6, ஒரு வாசகரின் கேள்வி

உடற்பயிற்சிக்குப் பிறகு ஷேக்காகக் குடிப்பதற்குப் புரதப் பொடி வாங்க வேண்டும். சாக்லேட், வெனிலா, ஸ்ட்ராபெரி, கேரமல், குக்கீஸ் அண்ட் க்ரீம் என்று ஒரே நிறுவனமே பத்துச் சுவைகளுக்கு மேல் விற்கிறது. சென்ற முறை வாங்கிய சாக்லேட் டப்பா பாதியிலேயே திகட்டிவிட்டது. மீதி அப்படியே கிடக்கிறது. பெரும்பாலோருக்குப் பிடித்த சுவை எது என்று தெரிந்தால், இந்த முறை பெரிய டப்பாவாகவே வாங்கிவிடுவேன்.

ஜனவரி 6, மாலை

பெரிய டப்பாவை இப்போதைக்கு வாங்க வேண்டாம். பெரும்பாலோருக்குப் பிடித்த சுவை எது என்று தெரிந்துகொண்டாலும் உங்களுக்குப் பயன் குறைவு. ஏனெனில் டப்பாவின் மேல் அச்சிட்ட சுவையின் பெயர், அந்த ஷேக் வாயில் எப்படி இருக்கும் என்பதைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கிறது. ஒரு நிறுவனத்தின் சாக்லேட்டும் இன்னொரு நிறுவனத்தின் சாக்லேட்டும் தமக்குள் ஒத்திருப்பதைவிட, ஒரே நிறுவனத்தின் சாக்லேட்டும் வெனிலாவும் அதிகம் ஒத்திருப்பதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன். எந்தப் புரதம், எந்த இனிப்பூட்டி, எந்தக் கெட்டியூட்டி, எதில் கலக்கிறீர்கள் என்ற நான்கும்தான் பெரும்பகுதியை முடிவு செய்கின்றன. சாக்லேட், வெனிலா என்பவை அவற்றின் மேல் பூசிய மேற்பூச்சு மட்டுமே.

உங்கள் பழைய டப்பாவின் பின்புறத்தைப் பார்த்து, இனிப்பூட்டி எது என்று சொல்லுங்கள். திகட்டியது சாக்லேட்டா, இனிப்பா என்பது அதிலிருந்து தெரிந்துவிடும்.

ஜனவரி 6, இரவு

சுக்ரலோஸும் அசிசல்ஃபேம் பொட்டாசியமும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சந்தையில் மிகப் பரவலாகக் காணப்படும் இணை அதுதான். சுக்ரலோஸ் சர்க்கரையைவிட ஏறத்தாழ 600 மடங்கு இனிப்பானது. அதன் இனிப்பு சற்றுத் தாமதமாக எழுந்து, குடித்து முடித்த பிறகும் நாவில் நெடுநேரம் தங்கும். அசிசல்ஃபேம் பொட்டாசியம் சுமார் 200 மடங்கு இனிப்பானது. உடனே எழுந்து விரைவில் அடங்கும். ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பட்டும் என்றுதான் இரண்டையும் சேர்க்கிறார்கள். ஆனால் அசிசல்ஃபேம் சிலருக்கு மட்டும் உலோகம் கலந்த கசப்பாகத் தெரியும். நாவிலுள்ள கசப்பு ஏற்பிகளில் பரம்பரையாக வரும் வேறுபாடு அதற்குக் காரணம். ஆகவே நண்பர் "அருமை" என்று சொன்ன பொடி உங்களுக்குக் கசந்தால், உங்கள் இருவரில் யாரும் மிகைப்படுத்தவில்லை.

ஸ்டீவியாவிலும் இதே கதைதான். அதன் இலைச்சாற்றிலிருந்து பிரித்தெடுக்கும் ரெபாடியோசைடு ஏ என்னும் பொருள் சர்க்கரையைவிட 200 முதல் 300 மடங்கு வரை இனிப்பானது. அடிநாவில் அதிமதுரம் போன்ற ஒரு சுவையை விட்டுச்செல்லும். எனக்கு அந்த அதிமதுரச் சுவை சாக்லேட்டில் அவ்வளவாகத் தெரிவதில்லை, வெனிலாவில் பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. கோக்கோவுக்கே இயல்பான கசப்பு உண்டு என்பதால் அது இதையும் தனக்குள் மறைத்துக்கொள்கிறது. எரித்ரிட்டால் என்னும் இனிப்பூட்டி சேர்த்தவற்றில் வாயில் ஒரு குளிர்ச்சி பரவும். புதினாச் சுவையில் அது பொருந்தும், கேரமலில் விநோதமாக இருக்கும்.

எனவே சுவையைத் தேர்ந்தெடுக்கும் முன், உங்களுக்கு எந்த இனிப்பூட்டி ஒத்துவரும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒருமுறை தெரிந்துவிட்டால் அலமாரியில் உள்ள பாதி டப்பாக்களை நீங்கள் திரும்பிப் பார்க்க வேண்டியதே இல்லை.

ஜனவரி 8

புரதம் எது என்பதைப் பற்றி யாரும் கேட்காவிட்டாலும் எழுதிவிடுகிறேன். சுவையின் அடித்தளமே அதுதான்.

பசும்பாலின் புரதத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு கேசீன், 20 விழுக்காடு வே. பாலாடைக்கட்டி செய்யும்போது கேசீன் திரண்டுவிட, பிரிந்து நிற்கும் நீரில் இருப்பது வே புரதம். அதை வடிகட்டிச் செறிவாக்கினால் கான்சன்ட்ரேட். பரவலாக விற்கும் வகையில் புரதம் சுமார் 80 விழுக்காடு இருக்கும், கூடவே கொஞ்சம் பால் கொழுப்பும் லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரையும் தங்கியிருக்கும். மேலும் வடிகட்டினால் ஐசொலேட். அதில் புரதம் 90 விழுக்காட்டை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும், லாக்டோஸ் மிகச் சொற்பம். சுவையைப் பொறுத்தவரை கான்சன்ட்ரேட்டுக்குத்தான் பால் மணமும் வழவழப்பும் அதிகம். ஐசொலேட் தண்ணீரில் மெல்லியதாக நிற்கும். அதனால் அதில் சேர்த்த வாசனை கூர்மையாகத் தெரியும். ஹைட்ரோலைசேட் என்பது நொதிகளால் முன்கூட்டியே சிறு துண்டுகளாக உடைத்த புரதம். உடையும்போது உள்ளே மடங்கியிருந்த, நீரை விரும்பாத அமினோ அமிலங்கள் (புரதத்தின் கட்டுமான அலகுகள்) வெளியே வந்துவிடுவதால் அது கசக்கும். அந்தக் கசப்பை மூடுவதற்காகவே அதில் இனிப்பைத் தாராளமாகச் சேர்க்கிறார்கள். இனிப்பு திகட்டுகிறது என்று சொல்பவருக்கு நான் ஒருபோதும் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கேசீன் தண்ணீரை உறிஞ்சிக் கெட்டியாகும். ஸ்பூனால் எடுத்துச் சாப்பிடும் பதம் வேண்டுமானால் அது நல்லது. பயிற்சி முடித்து மூச்சு வாங்கும் நேரத்தில் மடமடவென்று குடிக்க வேண்டுமானால் பொருந்தாது.

பட்டாணிப் புரதத்துக்கு மண் வாசனையும் பச்சைப் பயற்றின் வாசனையும் உண்டு. அதைப் பிரித்தெடுக்கும் முறையில் அமிலமும் காரமும் பயன்படுவதால் சோடியமும் சற்றுக் கூடுதலாக இருக்கும். நாவில் ஒரு மெல்லிய உப்பு தெரிவது அதனால்தான். இதன் மேல் ஸ்ட்ராபெரி வாசனை சேர்த்தால் இரண்டும் ஒட்டாமல் தனித்தனியே நிற்கும். சாக்லேட், காபி, வேர்க்கடலை வெண்ணெய் போன்ற வறுத்த வாசனைகள் மட்டுமே அதனுடன் இயல்பாகச் சேர்கின்றன. தாவரப் புரதம் வேண்டும் என்பவர்கள் பட்டாணியும் அரிசியும் கலந்ததைப் பாருங்கள். பட்டாணியில் மெத்தியோனின் என்னும் அமினோ அமிலம் குறைவு, அரிசியில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு; இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்யும்.

ஜனவரி 8, சற்று நேரம் கழித்து

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்பவர்களில் பலருக்கு ஐசொலேட் ஒத்துக்கொள்ளும், ஏனெனில் அவர்களுக்குத் தொல்லை தருவது லாக்டோஸ். பால் ஒவ்வாமை உள்ளவர்களின் நிலை முற்றிலும் வேறு. அவர்களுக்கு ஒவ்வாதது புரதமே என்பதால் எந்த வே பொடியும் ஆகாது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்தப் பொடியையும் தொடங்கக் கூடாது.

ஜனவரி 9

தண்ணீரிலா, பாலிலா?

பாலில் கலந்தால் கொழுப்பும் லாக்டோஸின் இனிப்பும் சேர்ந்து எல்லாக் குறைகளையும் மூடும். தண்ணீரில் கலந்தால் பொடியின் உண்மையான முகம் தெரியும். நீங்கள் நாள்தோறும் எதில் குடிக்கப் போகிறீர்களோ அதிலேயே சோதித்துப் பாருங்கள். கடையில் மாதிரியாகப் பாலில் கலந்து ஒரு வாய் கொடுத்தார்கள் என்பதற்காக வாங்கிவந்து, வீட்டில் தண்ணீரில் கலந்து ஏமாந்தவர்கள் என் பயிற்சிக்கூடத்திலேயே உண்டு. குளிர்ந்த நீரில் மணம் குறைவாகவே எழும் என்பதால், வாசனை மிகுந்த பொடியை அடக்குவதற்குக் குளிர்ச்சியே எளிய வழி.

கலக்கும் முறையும் சுவையில் சேர்ந்ததே. முதலில் நீரை ஊற்றி, அதன் மேல் பொடியைப் போடுங்கள். பொடியை முதலில் போட்டால் ஷேக்கரின் அடி மூலைகளில் அது பிசின்போல் ஒட்டிக்கொள்ளும். உள்ளே உலர்ந்த பொடியும் வெளியே ஈரத் தோலுமாக உருண்டைகள் வரும், குடிக்கும்போது அவை பல்லில் உடைந்து மாவாகப் பரவும். வே புரதம் காற்றுக்குமிழிகளின் மேற்பரப்பில் படிந்து அவற்றை உடையாமல் காப்பதால்தான் இவ்வளவு நுரை வருகிறது. குலுக்கிய பிறகு சில நிமிடங்கள் வைத்துவிட்டுக் குடித்தால் நுரை அடங்கும், வயிற்றுக்குள் செல்லும் காற்றும் குறையும்.

ஜனவரி 14

"வெனிலா சப்பென்று இருக்கிறதே, அதை ஏன் எல்லோரும் சொல்கிறார்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அந்தச் சப்புக்கு ஓரளவு வேதியியல் காரணமும் உண்டு. வெனிலாவின் மணப்பொருளான வெனிலின், புரத மூலக்கூறுகளோடு பிணைந்துகொள்ளும். பிணைந்த பகுதி மூக்கை எட்டுவதில்லை. அதே அளவு வெனிலினைச் சர்க்கரை நீரில் கலந்தால் வரும் மணம் புரத ஷேக்கில் வராது. இதை ஈடுகட்டுவதற்காகச் சில நிறுவனங்கள் வாசனையை அள்ளிச் சேர்க்கின்றன. டப்பாவைத் திறந்தவுடன் மூக்கில் ஏறும் அந்த நெடி இப்படி வருவதுதான்.

இருந்தாலும் நான் வெனிலாவின் பக்கம்தான். மெல்லிய வெனிலா நாள்தோறும் குடித்தாலும் சலிப்பதில்லை. வேண்டியபோது வாழைப்பழமோ காபித் தூளோ கோக்கோவோ சேர்த்து வேறொன்றாக மாற்றிக்கொள்ளலாம். பிறந்தநாள் கேக் சுவைப் பொடியை அப்படி எதுவாகவும் மாற்ற முடியாது. முதல் வாயில் மிக அழுத்தமாகவும் குறிப்பாகவும் இருக்கும் சுவைகள்தான் விரைவில் திகட்டுகின்றன. ஒரே சுவையைத் தொடர்ந்து உண்ணும்போது அதன் மேல் உள்ள விருப்பம் குறைவது மனித இயல்பு. அழுத்தமான சுவையில் அந்தச் சரிவு எனக்கு விரைவாகவே வந்திருக்கிறது.

ஜனவரி 15

சாக்லேட்டில் ஈயம் இருப்பதாக வந்த செய்தியைச் சொல்லி, "அப்படியானால் சாக்லேட்டை விட்டுவிட வேண்டுமா?" என்று இன்னொருவர் கேட்கிறார். முக்கியமான கேள்வி என்பதால் பொறுமையாகவே எழுதுகிறேன்.

2025 அக்டோபரில் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு 23 புரதப் பொடிகளையும் தயார்நிலை ஷேக்குகளையும் சோதித்து வெளியிட்டது. ஒரு நாளுக்கு 0.5 மைக்ரோகிராம் ஈயம் என்பதைத் தன் வரம்பாக அது வைத்துக்கொண்டது. சோதித்தவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே பரிமாறலில் அந்த வரம்பைத் தாண்டின. தாவரப் புரதங்களில் இருந்த ஈயம், பால் புரதங்களில் இருந்ததைப்போலச் சராசரியாக 9 மடங்கு. அந்த வரம்பு மிகக் கண்டிப்பானது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வைத்திருக்கும் குறிப்பு அளவு நாளுக்கு 8.8 மைக்ரோகிராம். ஆயினும் ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்பதால், நாள்தோறும் உட்கொள்ளும் ஒரு பொருளில் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

கோக்கோவில் காட்மியம் என்னும் இன்னொரு நச்சு உலோகம் பெரும்பாலும் மண்ணிலிருந்து மரத்தின் வழியாகக் கொட்டைக்குள் வருகிறது. ஈயம் பெரும்பாலும் அறுவடைக்குப் பிறகு, வெளியில் உலர்த்தும்போது தூசியாகப் படிகிறது. பயிரே மண்ணிலிருந்து உலோகத்தை எடுத்துக்கொள்வதால் தாவரப் புரதத்திலும் அது வரும். ஆகவே தாவரப் புரதமும் கோக்கோவும் சேர்ந்த பொடியை நாள்தோறும், அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை குடிப்பவர்தான் கவனமாக இருக்க வேண்டும். வே ஐசொலேட்டில் சாக்லேட்டை வாரத்தில் சில நாள் குடிப்பவரின் நிலை வேறு. கருவுற்ற பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் நான் எந்தப் புரதப் பொடியையும் நானாகப் பரிந்துரைக்க மாட்டேன்.

பட்டாணிப் புரதத்துக்குச் சாக்லேட் போன்ற வறுத்த வாசனைகள்தான் பொருந்தும் என்று 8ஆம் தேதி எழுதியிருந்தேன். நாவைப் பொறுத்தவரை அது அப்படியே நிற்கிறது. ஆனால் நாள்தோறும் குடிப்பவர் காபிச் சுவையையோ வேர்க்கடலை வெண்ணெய்ச் சுவையையோ முதலில் பார்ப்பது நல்லது. சாக்லேட்தான் வேண்டுமென்றால், ஒவ்வொரு தொகுதிக்கும் உலோகச் சோதனை முடிவை வெளியிடும் நிறுவனமாகத் தேடுங்கள்.

ஜனவரி 27

டப்பாவின் எண்களைப் படிப்பது பற்றி.

ஒரு ஸ்கூப் 30 கிராம், அதில் புரதம் 24 கிராம் என்றால் 80 விழுக்காடு. சுவை மாறும்போது இந்த எண்ணும் மாறும். சுவையூட்டாத பொடியில் புரதம் மிக அதிகம், வெனிலாவில் சற்றுக் குறைவு, சாக்லேட்டில் இன்னும் சற்றுக் குறைவு; கோக்கோவும் இடத்தை எடுத்துக்கொள்வதுதான் காரணம். இந்த வேறுபாடு ஒன்றிரண்டு கிராமுக்குள் இருந்தால் பொருட்படுத்த வேண்டியதில்லை. குக்கீஸ் துண்டுகள் கலந்த பொடியில் 34 கிராம் ஸ்கூப்புக்கு 20 கிராம் புரதம் என்று இருந்தால், மீதி 14 கிராமில் என்ன இருக்கிறது என்று உள்ளடக்கப் பட்டியலில் பாருங்கள். ஸ்கூப்பை நம்பாமல் ஒருமுறையாவது தராசில் நிறுத்துப் பாருங்கள். டப்பாவை ஆட்டாமல் மேலாக எடுத்த தளர்ந்த பொடிக்கும் அடியிலிருந்து அழுத்தி எடுத்த பொடிக்கும் எடையில் நல்ல வேறுபாடு இருக்கும். ஒரே ஷேக் ஒரு நாள் நீர்த்தும் மறுநாள் திகட்டியும் இருப்பதற்குப் பல வேளை இதுவே காரணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆய்வுக்கூடங்கள் புரதத்தை நேரடியாக அளப்பது குறைவு. டென்மார்க்கைச் சேர்ந்த யோஹான் கெல்டால் 1883இல் உருவாக்கிய முறையைப் பின்பற்றி, நைட்ரஜனை அளந்து, பொதுவாக 6.25 என்ற எண்ணால் பெருக்கி, அதையே புரத அளவு என்று எழுதுகிறார்கள். நைட்ரஜன் உள்ள மலிவான பொருள் எதைச் சேர்த்தாலும் இந்த எண் உயரும். கிளைசின், டாரின், கிரியேட்டின் ஆகியவற்றைப் பொடியில் கலந்து புரத அளவை உயர்த்திக் காட்டும் மோசடி இந்த ஓட்டையில்தான் நடக்கிறது. இதில் கிளைசின் தன்னளவிலேயே இனிப்பானது என்பதால் சுவைக்காகச் சேர்த்ததுபோலவும் தோற்றம் தரும். புரதப் பொடியின் உள்ளடக்கத்தில் கிளைசின் என்று தனியாக எழுதியிருந்தால், எவ்வளவு என்று அந்த நிறுவனத்தைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

போட்டிகளில் ஊக்கமருந்துச் சோதனைக்கு உட்படும் விளையாட்டு வீரர்கள், தடைசெய்யப்பட்ட பொருட்களுக்காகச் சோதித்துத் தரும் இன்ஃபார்ம்டு ஸ்போர்ட் அல்லது என்எஸ்எஃப் சர்டிஃபைடு ஃபார் ஸ்போர்ட் சான்றிதழ் உள்ளதை மட்டுமே வாங்க வேண்டும்.

பிப்ரவரி 10

பழச்சுவைகளைப் பற்றி எழுதாமல் விட்டிருந்தேன். எலுமிச்சை, மாம்பழம், பெரிப் பழங்கள் ஆகியவற்றின் சுவை புளிப்பு இல்லாமல் நிறைவதில்லை. ஆனால் புளிப்புக்காக அமிலம் சேர்த்த பொடியைப் பாலில் கலந்தால், காரஅமில எண் (pH) 4.6ஐ நெருங்கும்போது பாலின் கேசீன் திரியத் தொடங்கும். அதனால் பாலிலும் கலக்கும்படி செய்த பழச்சுவைப் பொடிகளில் அமிலத்தை அடக்கியே வைக்கிறார்கள். பழத்தின் மணம் இருக்கும், புளிப்பு இருக்காது. விளைவாகப் பழ மிட்டாய்போல் இருக்கும்.

உண்மையான புளிப்பு வேண்டுமானால் "க்ளியர் வே" என்று விற்கும் வகையைப் பாருங்கள். ஐசொலேட்டை நன்கு அமிலமாக்கி, சாறுபோலத் தெளிவாக நிற்கும்படி செய்திருப்பார்கள். தண்ணீரில் மட்டுமே கலக்க வேண்டும். பால்போன்ற ஷேக்குகள் வெறுத்துப்போனவர்களுக்கு இது பெரிய விடுதலை. ஒரு குறை உண்டு: அந்த அமிலத்தன்மையில் வே புரதம் உமிழ்நீர்ப் புரதங்களோடு சேர்ந்து வாயில் துவர்ப்பை உண்டாக்கும். எனக்கு அந்தத் துவர்ப்பு பிடிக்கிறது; என் மனைவிக்கு ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

பிப்ரவரி 11

சைவ உணவுக்காரர்கள் ஸ்ட்ராபெரிப் பொடியின் நிறமூட்டியைப் பார்த்து வாங்கவும். பீட்ரூட் நிறம் என்றால் சிக்கல் இல்லை. கார்மின் அல்லது இ120 என்றிருந்தால் அது கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்தது.

மார்ச் 2

கேள்வி கேட்டவர் இரண்டு நிறுவனங்களின் ஒற்றைப் பரிமாறல் பாக்கெட்டுகளை வாங்கிப் பார்த்ததாகவும், ஸ்டீவியா சேர்ந்த வெனிலா ஐசொலேட் தனக்கு ஒத்துவந்ததாகவும், அடிநாவின் பின்சுவை மட்டும் நெருடுவதாகவும் எழுதியிருக்கிறார். அதற்கு ஒரு வழி இருக்கிறது. அதே நிறுவனத்தின் சுவையூட்டாத ஐசொலேட்டையும் ஒரு சிறு பை வாங்கி, இரண்டையும் சரிபாதியாகக் கலந்துகொள்ளுங்கள். புரத அளவு குறையாது. இனிப்பும் வாசனையும் பாதியாகிவிடும். நான் நெடுநாளாக இப்படித்தான் குடிக்கிறேன். மிகச் சிறிய சிட்டிகை உப்பு சேர்த்தால் கசப்பு இன்னும் அடங்கும்.

அந்தப் பழைய சாக்லேட்டையும் இதேபோல் சுவையூட்டாத பொடியோடு கலந்து தீர்க்கலாம். முதலில் காலாவதித் தேதியையும் மணத்தையும் பாருங்கள். ஈரம் புகுந்து கட்டிதட்டியிருந்தாலோ, பழைய அட்டைப் பெட்டியின் வாசனை வந்தாலோ அதைக் கொட்டிவிடுங்கள். அந்த வாசனை, எஞ்சிய பால் கொழுப்பு காற்றில் சிதைவதால் வருவது. ஈரமான ஸ்கூப்பை உள்ளே போடுவதும், டப்பாவை அடுப்பின் அருகில் வைப்பதும் பொடியை விரைவாகக் கெடுக்கும். வெப்பத்தில் லாக்டோஸும் லைசினும் வினைபுரிந்து பொடி மெல்லப் பழுப்பேறும். அந்த அளவுக்கு லைசின் உடலுக்குக் கிடைக்காமலும் போகும்.

மார்ச் 4

வெந்நீர்க் காபியில் கலந்தால் திரிதிரியாகப் போகிறது, புரதம் கெட்டுவிட்டதா என்று அவரே கேட்டிருக்கிறார். கெடவில்லை. சுமார் 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் வே புரதத்தின் மடிப்புகள் அவிழ்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சமைத்த முட்டையிலும் நடப்பது அதுவே. உடல் அதை அப்படியே செரித்துக்கொள்ளும், வாய்க்குத்தான் பிடிக்காது. பொடியை முதலில் சிறிதளவு குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு, காபியைக் குடிக்கும் சூட்டுக்கு ஆறவைத்து, பொடிக் கரைசலின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். உங்கள் வெனிலாவுக்குக் காபி நன்றாகச் சேரும். காபியின் கசப்பில் ஸ்டீவியாவின் பின்சுவை பெரும்பாலும் மறைந்துவிடும். மாலைப் பயிற்சிக்குப் பிறகு குடிப்பதானால் காஃபீன் நீக்கிய காபியைப் பயன்படுத்துங்கள்.